திருகோணமலைக் குசினியிலிருந்து 20 குறிப்புகள்

"எவ்வளவு உப்பு போட வேணும்?" என்று அம்மாவிடம் கேட்டால் "கண்ணளவு" என்பார். அந்தக் கண்ணளவைக் கிராமாக்கி எழுதி வைத்தும் பலருக்குக் கறி அதே மாதிரி வருவதில்லை. அளவோடு காரணத்தையும் கேட்டு வைத்தால் வரும். ஏன் இந்தச் சட்டி மட்டும் தனி? ஏன் மாரியில் இந்தக் கறி? புளியை ஏன் கடைசியில் விடுகிறார்கள்? இவற்றுக்கான பதில்களில் பாதி சமையல், மீதி குடும்பத்தின் கதையும் ஊரின் கதையும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் சாப்பாட்டை வைத்துச் சில குறிப்புகள்.

1. அளவுப் பேணியை நிறுத்துப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் அரிசியும் மாவும் சுண்டுக்கணக்கு. நாலு சுண்டு ஒரு கொத்து. சுண்டு இல்லாத வீட்டில் பால்பேணி. பேணிக்குப் பேணி கொள்ளளவு மாறும். அதனால் அம்மம்மா பாவிக்கும் அதே பேணியில் அரிசி, மா, பருப்பு ஒவ்வொன்றையும் தலைதட்டி நிரப்பித் தராசில் நிறுத்து, கிராமைப் பேணியின் வெளிப்பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். "கைப்பிடி" என்றால் சமைக்க முன்னும் பின்னும் உப்புப் போத்தலை நிறுத்தால் போதும். எவ்வளவு குறைந்ததோ அதுதான் அவருடைய கைப்பிடி. சமைக்கிறவரை இடையில் மறித்து அளக்க வேண்டாம், கை தடுமாறும்.

2. தேங்காய்ப்பாலை மூன்றாகப் பிரியுங்கள்

முதற்பால் கட்டியாக, இரண்டாம் பால் நடுத்தரமாக, மூன்றாம் பால் தண்ணீராக வரும். மரக்கறியோ மீனோ அவிவது மூன்றாம், இரண்டாம் பாலில். முதற்பால் இறக்குகிற நேரத்துக்கு. கட்டிப்பால் நெடுநேரம் கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழிந்தால் பால் கூடுதலாக இறங்கும். டப்பாப் பால் பாவிக்கிறவர்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். முதலில் கால்வாசிப் பாலைத் தண்ணீர் கலந்து விட்டு, மீதியைக் கடைசியில் அப்படியே சேருங்கள்.

3. சொதிக்குத் தேசிப்புளி அடுப்பை அணைத்த பிறகு

இடியப்பம் அவிக்கிற வீட்டில் சொதி இல்லாத காலை இல்லை. சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள். இவற்றை இரண்டாம் பாலில் வெங்காயம் கண்ணாடி போலாகும் வரை அவிய விடுங்கள். பிறகு முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பில் சிறு நுரை கட்டி, நடுப்பகுதி மெல்ல எழும்பும். அந்தக் கணத்தில் அடுப்பை அணைத்து உப்பைப் போடுங்கள். சூடு சற்றுத் தணிந்ததும் தேசிக்காய்.

"கொதிக்கேக்க புளி விட்டா திரைஞ்சு போகும் பிள்ளை, இறக்கிப்போட்டு விடு" என்று அம்மம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். கொதிநிலையில் புளிப்புச் சேர்ந்தால் பாலிலுள்ள புரதம் திரண்டு தண்ணீர் வேறாகிவிடும். காரணம் இவ்வளவுதான். இது தெரிந்தால் தேசிக்காய்க்குப் பதில் மாங்காயோ தக்காளியோ போட வேண்டி வந்தாலும் சமாளிக்கலாம். அவற்றை இரண்டாம் பாலிலேயே அவிய விட்டு, முதற்பாலைச் சூடேறும் அளவுக்கு மட்டும் சேருங்கள்.

4. புட்டுக்குக் கோதுமை மாவை அவியுங்கள்

வெறும் அரிசிமாப் புட்டு ஒரு சுவை, கோதுமை மா கலந்த புட்டு இன்னொரு சுவை. சீனக்குடாவில் 1980 முதல் பிரீமா மா ஆலை ஓடுகிறது. போர்க்காலத்தில் முகாம்களில் நிவாரணமாகக் கிடைத்ததும் அரிசி, பருப்பு, சீனியோடு இதே கோதுமை மாதான். இரண்டு வழியாலும் அது எங்கள் புட்டுக்குள் வந்து தங்கிவிட்டது.

மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி அரை மணி நேரம் ஆவியில் அவித்து, சூட்டோடு உடைத்து அரித்து வையுங்கள். பச்சை மாவில் தண்ணீர் பட்டால் பசையாக இழுபடும். அவித்த மாவில் அந்தப் பசைத்தன்மை போய்விடும், ஆகவே புட்டு உதிரியாக வரும். அவித்த கோதுமை மாவும் வறுத்த சிவப்பரிசி மாவும் சமபங்கு. உப்புப் போட்ட சுடுதண்ணீரைத் தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறி, மூக்குப்பேணியின் விளிம்பால் கொத்திச் சிறுமணியாக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பிறகு தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் அவியுங்கள்.

5. மீன் வாங்க முன் மாதத்தைப் பாருங்கள்

கிழக்குக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதி. அந்தக் காலத்தில் மேற்குக் கரை மீனவர்களும் இங்கே வந்து வாடியடிப்பார்கள். மீன் மலியும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று பிடித்தால் ஆழ்கடலுக்குப் படகுகள் குறைவு. உட்துறைமுகம் காற்றுக்கு மறைவு என்பதால் சிறுமீன் கொஞ்சம் வரும். பழைய வீடுகளின் கறிப்பட்டியல் இதைப் பின்பற்றியே அமைந்தது. கோடையில் பால்விட்ட மீன்கறி, மாரியில் கருவாடும் கத்தரிக்காயும். இன்றும் அந்த ஒழுங்கில் வாங்கினால் காசும் மிஞ்சும், ருசியும் இருக்கும்.

6. சூரை மீனை வெயிலில் விட்டு வைக்காதீர்கள்

சூரை, கெளவல்லை, கும்பிளா போன்ற கருஞ்சதை மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். முகம் சிவத்தல், அரிப்பு, தலையிடி எல்லாம் அதனால் வரும். நன்றாக அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சந்தைக்குப் போகும்போதே ஐஸ் போட்ட பெட்டியோ ஈரச்சாக்கோ கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்தவுடன் குடலை எடுத்துக் குளிரூட்டியில் வையுங்கள். "சூரை எனக்கு ஒத்துவராது" என்று காலமெல்லாம் ஒதுக்கி வைத்தவர்களில் சிலருக்கு, ஒத்துவராமல் போனது அந்த ஒரு நாள் மீனாகவே இருக்கக்கூடும்.

7. கருவாட்டைச் சுடுநீரில் கழுவி, வெங்காயத்தை அள்ளிப் போடுங்கள்

உப்புத் தூக்கலான கருவாட்டைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு இரண்டு முறை கழுவுங்கள். ஈரத்தைத் துடைத்து எண்ணெயில் பொரித்தெடுத்து, அதே எண்ணெயில் வெங்காயமும் செத்தல் மிளகாய்த் துண்டுகளும் வதக்கிச் சேர்த்தால் பாணுக்கும் சோற்றுக்கும் ஆகும். வாங்கிய கருவாட்டை ஒரு தரம் நல்ல வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தால் கழுவிப் பாவிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

8. புளிக்கறிக்கு மண்சட்டி

பழப்புளியோ கொறுக்காய்ப்புளியோ விட்ட மீன்குழம்பை அலுமினியச் சட்டியில் வைத்தால் புளி உலோகத்தை அரித்துச் சுவை கெடும். மண்சட்டியில் அந்தத் தொல்லை இல்லை, சூடும் மெல்ல இறங்கும். புதுச்சட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு, உட்புறம் தேங்காயெண்ணெய் பூசி, கஞ்சித் தண்ணீரை விட்டு மெல்லிய நெருப்பில் கொதிக்கவிடுங்கள். அதிலுள்ள மாச்சத்து சட்டியின் நுண்துளைகளை அடைத்துவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். அந்தத் துளைகளுக்குள் இறங்கி அடுத்த கறியில் மணக்கும்.

9. விரதச் சட்டி தனியாக இருக்கட்டும்

பங்குனியில் கோணேசர் திருவிழா, நவராத்திரியில் ஊரெங்கும் கும்பம் என்று எங்கள் ஊரில் மரக்கறி நாட்கள் பல. அந்த நாட்களுக்கென்று ஒரு சட்டியும் ஓர் அகப்பையும் மேல்தட்டில் இருக்கும். ஆசாரம் ஒருபுறம் இருக்க, மீன் சமைத்த மண்சட்டியும் மர அகப்பையும் மணத்தை விடாது. அதில் பாற்சோறு வைத்தால் சூரைக் குழம்பின் வாசம் அடிக்கும். விரதம் பிடிக்காதவர்களும் பாலும் சர்க்கரையும் காய்ச்ச ஒரு தனிச்சட்டி வைத்திருப்பது நல்லது.

10. மீனில்லாத மீன்குழம்பு

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பல வீடுகளில் மாதக்கணக்காக மீன் ஏறவில்லை. வாங்க ஆளில்லாமல் மீன் விலை விழுந்தது. எங்கள் பெரியம்மா மீனைச் சட்டியிலிருந்து எடுத்தாரே தவிர, குழம்பின் கூட்டை மாற்றவில்லை. நீளமாக வெட்டிய கத்தரிக்காயைப் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பார். வெந்தயம், வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை தாளித்து, பழப்புளிக் கரைசலும் கறித்தூளும் விட்டுக் கொதிக்க வைப்பார். பச்சை வாசம் போனதும் கத்தரிக்காயைப் போட்டு, கட்டிப்பால் விட்டு இறக்குவார். நெடுங்காலம் கழித்து மீன் திரும்பி வந்தது, இந்தக் குழம்பும் நிலைத்துவிட்டது. கத்தரிக்காயைப் பொரித்துப் போடுவதுதான் இதன் சூட்சுமம். பச்சையாகப் போட்டால் புளியில் நெடுநேரம் அவியாமல் நிற்கும்.

11. சுறா வறைக்குப் புதுச்சுறா, பத்தியத்துக்குச் சிறுமீன்

சுறாவின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு. மீன் பழுதாகத் தொடங்கினால் அது அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். மணந்து பார்த்து, நெடி அடித்தால் விட்டுவிடுங்கள். புதுச்சுறாவை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து உதிர்த்து, நன்றாகத் தண்ணீர் பிழியுங்கள். பிழிவது குறைந்தால் வறை களியாகிவிடும். பிறகு வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, மிளகுத்தூள் சேர்த்துத் தாச்சியில் ஈரம் வற்றும்வரை வறுங்கள்.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறா கொடுப்பது ஊர்வழக்கம். ஆனால் பெரிய இரைமீன்களில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சுறாவைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதே வறையைச் சூடை மீனிலும் செய்யலாம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி அரைத்த சரக்குக்கறி நெத்தலிக்கும் பொருந்தும். பத்தியத்தின் கைப்பக்குவம் அந்தச் சரக்குக் கூட்டில்தான் இருக்கிறது.

12. கணவாய்க்கு இரண்டே நேரம்

ஒன்றில் கடும் நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம், இல்லாவிட்டால் மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரம். இடையில் இறக்கினால் சவ்வுமாதிரி இழுபடும். பிரட்டலுக்கு முதல் முறை, தேங்காய்ப்பால் கறிக்கு இரண்டாவது.

13. நண்டைத் தூக்கிப் பாருங்கள்

ஒரே அளவான இரண்டு நண்டுகளில் கையில் கனப்பதை எடுங்கள். வயிற்று ஓட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகக்கூடாது. மெத்தென்றிருந்தால் அண்மையில் ஓடு கழற்றியது, உள்ளே தண்ணீர்தான். நிலவு காலத்தில் நண்டில் சதை இராது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நம்புகிறீர்களோ இல்லையோ, அழுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள். கறியை இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டு மூடிவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே அது அவிந்துவிடும்.

14. மரவள்ளியைத் திறந்த பானையில் அவியுங்கள்

மரவள்ளிக்கிழங்கில் சயனைட்டை உண்டாக்கும் பொருட்கள் உண்டு, தோலில் கூடுதலாக. இரண்டு தோலையும் உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். கைக்கும் கிழங்கைச் சாப்பிட வேண்டாம். மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி சேர்க்கக்கூடாதென்பது வீட்டுக்கு வீடு உள்ள கட்டுப்பாடு. அரிசி தட்டுப்பட்ட காலங்களில் இந்தக் கிழங்கும் இடித்த சம்பலும்தான் பலருக்கு இராச்சாப்பாடு. சம்பலுக்குச் செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, வெங்காயத்தைக் கடைசியில் போட்டு ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். முதலிலேயே போட்டால் தண்ணீர் விடும்.

15. கட்டித்தயிருக்கு மண்சட்டியும் எருமைப்பாலும்

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போய்வர வாகனங்களுக்குப் பாதை எனும் மிதவைப் படகுதான். பாதையில் கடந்தும், மூதூரிலிருந்து லாஞ்சிலும் தயிர்ச்சட்டிகள் திருகோணமலைக்கு வரும். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் தயிர் கட்டிப்படும். மண்சட்டி மேலதிகத் தண்ணீரை உறிஞ்சும். பசும்பாலில் செய்கிறவர்கள் பாலைக் காய்ச்சிக் கால்பங்கு வற்றவிட்டு, அல்லது ஒரு லீற்றருக்கு நாலு மேசைக்கரண்டி பால்மா கரைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் உறை விடுங்கள். தயிர் முடிந்த சட்டியில் பழப்புளி போட்டு வைக்கலாம்.

16. நோன்புக் கஞ்சி அடிப்பிடித்தால் கிளறாதீர்கள்

நோன்பு மாதத்தில் பின்னேரம் மதிலுக்கு மேலால் ஒரு மூடிய கோப்பை வரும். கிண்ணியா, மூதூர் போலவே நகருக்குள்ளும் அயல்வீடுகளின் பழக்கம் இது. அரிசி, இறைச்சித் துண்டுகள், உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை எல்லாம் குழைய அவிந்த பிறகு தேங்காய்ப்பால் சேரும். அதற்குப் பிறகு நெருப்பைக் குறைத்துப் பானையை விட்டு அகலக்கூடாது. அடிப்பிடித்து விட்டால் அகப்பையால் சுரண்டாமல் மேல்கஞ்சியை உடனே வேறு பானைக்கு ஊற்றுங்கள். கருகிய வாசம் அடியோடு நின்றுவிடும். கோப்பையைத் திருப்பும்போது வெறுமையாகக் கொடுப்பதில்லை. இரண்டு பயத்தம் உருண்டையாவது, கொஞ்சம் சீனியாவது இருக்கும்.

17. ஆடிக்கூழுக்குப் பனங்கட்டியைக் கரைத்து வடியுங்கள்

ஜூலை நடுப்பகுதியில் வரும் ஆடிப்பிறப்பன்று கூழ். பாசிப்பயறை வறுத்துத் தோல் நீக்கி முதலில் அவியுங்கள். வறுத்த அரிசிமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் கட்டிபடாது, சுடுதண்ணீர் கூடாது. பனங்கட்டியில் மண்ணும் தும்பும் இருக்கும், தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள். கட்டிப்பாலை இறக்கும்போதுதான் விட வேண்டும், இரண்டாம் குறிப்பில் சொன்ன காரணமே இதற்கும். தேங்காய்ச் சொட்டு, மிளகு, சீரகம், ஏலம் மறக்க வேண்டாம்.

18. எரிபொருள் சிக்கனம்

2022 இல் எரிவாயு சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில், போர்க்காலத்துக் குசினிகளின் பழைய வித்தைகள் திரும்பி வந்தன. பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் பாதி நேரத்தில் அவியும். அரிசியை ஊறவைத்து, பொங்கி ஐந்து நிமிடம் ஆனதும் பானையை இறுக மூடிப் பழைய போர்வையால் சுற்றி வைத்தால், மீதியை உள்ளிருக்கும் சூடே முடித்துவிடும். இடியப்பம் அவியும் தண்ணீருக்குள் முட்டையையோ கிழங்கையோ போடுங்கள். ஒரு நெருப்பில் இரண்டு வேலை.

19. கறித்தூளுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுங்கள்

எங்கள் வீட்டு அளவு: செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500, பெருஞ்சீரகம் 100, சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, இரண்டு பிடி கறிவேப்பிலை. மல்லி பொன்னிறமாகும் நேரத்துக்குள் சீரகம் கருகிவிடும், வெந்தயம் கைத்துவிடும். ஒன்றாகப் போட்டு வறுக்காததற்குக் காரணம் இதுதான். நன்றாக ஆறிய பிறகே திரிக்கக் கொடுங்கள். சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துக் கட்டிபடும். போத்தலுக்குள் ஈரக்கரண்டி போகக்கூடாது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் திரித்த தேதியை ஒட்டி அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு மேல் மணம் குறையும், பழைய தூளைக் கூடுதலாகப் போட்டு ஈடுசெய்தால் உறைப்புத்தான் ஏறும்.

20. குறிப்புப் புத்தகத்தில் ஐந்து வரி கூட்டுங்கள்

சாமான் பட்டியலும் செய்முறையும் எழுதிய பிறகு ஒவ்வொரு கறிக்குக் கீழும் இவற்றை எழுதுங்கள்: யார் செய்தது, எந்த மாதத்துக் கறி, எந்தச் சட்டி, ஏன் அந்த ஒழுங்கு, சாமான் கிடைக்காதபோது என்ன போட்டார்கள். மீனின் பெயருக்குப் பக்கத்தில் படமும் ஒட்டுங்கள். ஒரே மீனுக்குக் கரைக்குக் கரை பெயர் வேறு, ரொறன்ரோவில் உறைமீன் வாங்கும் மருமகளுக்குப் பெயர் மட்டும் போதாது. "ஏன்" என்ற வரிக்குப் பதில் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு இடம் விடுங்கள். அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள், சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு தானாக நடக்கும்.